கேட்சர் கையில் காப்பு

பேஸ்பால் பந்துக்கும் தையல் உண்டு என்பது என் மகன் அந்த விளையாட்டில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளைத் தோலில் சிவப்பு நூல். நான் தன்லியினில் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரங்கூன் கடைகளில் கால்பந்து கிடைக்கும், பிரம்புப் பந்து மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், பேஸ்பால் மட்டும் கிடைக்காது. யாரோ வெளிநாட்டுக்காரர் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன பந்துகளைத்தான் பையன்கள் அடித்து அடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். கிழிந்ததெல்லாம் அரிசிப் பையில் கட்டி என் வீட்டுக்கு வந்துவிடும். நான் மெழுகு தடவிய நூலை இரண்டு ஊசியில் கோத்து, ரவிக்கைக்குக்கூடப் போடாத நெருக்கத்தில் தைத்துக் கொடுப்பேன்.

பங்குனியில் பாங்காக்கில் பெரிய போட்டி என்று சயா வந்து சொன்னார். சயா என்றால் எங்கள் ஊரில் வாத்தியார். பையன்களுக்குப் பேஸ்பால் சொல்லிக் கொடுக்கும் பர்மாக்காரரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான போட்டி; நாலைந்து நாட்டுப் பிள்ளைகள் வருவார்கள். என் மகன்தான் அணிக்கு ஒரே கேட்சர். பந்தடிப்பவனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் நெஞ்சுக்கு நேரே வாங்குகிற வேலை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஓடி ஆடி விளையாட, என் பிள்ளை மட்டும் ஏன் வெயிலில் இப்படிக் குந்திக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். வரும் நேரத்தில் நான் அணிக்குச் சட்டை தைத்தேன், போன நேரத்தில் பந்து தைத்தேன். என் கணவர் தன்லியினிலிருந்து ரங்கூன் நடுவில் இருக்கும் கியாக்டடாவுக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவர். பர்மாக்காரர், அதிகம் பேசமாட்டார். கழித்துப் போட்ட பஸ் சீட்டு ஒன்றைக் கிழித்து ஸ்பாஞ்சு கொண்டுவந்தார். அதை வைத்து மகனுடைய நெஞ்சுக் கவசத்துக்கு உள்ளே புது மெத்தை தைத்தேன். தெருவில் எல்லோருக்கும் பெருமை. சாமான் வாங்கப் போனால், "பிள்ளை பிளேன் ஏறப் போவுதாமே" என்று கேட்காதவர்கள் இல்லை. நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பேன்.

எல்லோரும் போட்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். நானும் என் கணவரும் வேறு ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம்.

இங்கே ஆண் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் பட்டாளத்துக்குப் பெயர் எடுக்கிறார்கள். குலுக்கலில் வந்தால் போக வேண்டும். குலுக்கலில் வராமலும் போய்விடுகிறார்கள். சாயங்காலம் டீ குடிக்கப் போன பையன் எங்கோ ஒரு முகாமில் இருப்பதாகப் பிறகு செய்தி வருகிறது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி நடந்தது. அந்தப் பையனின் பள்ளிச் சட்டைகளையெல்லாம் நான்தான் தைத்தேன். அவன் அம்மா இப்போது என் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போகிறாள். என் மகனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் சில மாதம்தான் இருந்தது. அது முடிந்துவிட்டால் பிளேனில் ஏற விடமாட்டார்கள். அதை நினைத்தால் சோறு இறங்காது, படுத்தால் தூக்கம் வராது, மெஷினில் உட்கார்ந்தால் கால் ஓடாது. அப்படி ஒரு பயம்.

பாங்காக்கில் என் தம்பி ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்கிறான். கடைசி ஆட்டம் முடிந்ததும் மருமகனைச் சாப்பிடக் கூட்டிப் போகிறேன் என்று அவன் சயாவிடம் கேட்டு அழைத்துப் போவான். திருப்பிக் கொண்டுவந்து விடமாட்டான். இதுதான் ஏற்பாடு. மகனிடம் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் நிற்காது. அணியில் ஒருவனுக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொன்ன மாதிரி. அங்கே போன பிறகு தம்பி பக்குவமாக எடுத்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.

எல்லாப் பையன்களையும் திருப்பிக் கொண்டுவருவேன் என்று சயா பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒருவன் குறைந்தாலும் அவர் கதி என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அவர் நல்ல மனிதர். என் மகனுக்குக் காய்ச்சல் என்றால் ஆற்றைத் தாண்டி வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். என் பிள்ளையா அவரா என்று வந்தால் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வந்ததில்லை. இன்று கேட்டாலும் அதே பதில்தான். பிள்ளை பெறாதவர்கள் வேண்டுமானால் நியாயம் பேசட்டும்.

புறப்படும் நாள் நெருங்கியபோது அரிசிப் பையை எடுத்துக்கொண்டு நானே மைதானத்துக்குப் போனேன். அங்கே என் மகன் மண்டியிட்டு உட்கார்ந்து, அணியிலேயே பொடியனாக இருந்த ஒருவனுக்கு நெஞ்சுக் கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தான். நான் மெத்தை வைத்துத் தைத்த கவசம். தன்னுடைய பெரிய கையுறையையும் அவன் கையில் போட்டு, எப்படிக் குந்துவது, பந்து மண்ணில் பட்டு எகிறினால் உடம்பை எப்படிக் குறுக்கே கொடுப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். வீட்டில் ஒரு வேலை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் பூரித்துப் போனேன்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குள் வந்தபோது வலது கையில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. நூலில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. எங்கள் பேட்டை அம்மன் கோயிலில் தீமிதித் திருவிழாவுக்குக் கட்டுகிற காப்பு.

காப்பு என்றால் விளையாட்டு இல்லை. கட்டிக்கொண்டவர்கள் கவுச்சி தொடக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம், ஆனால் இரவு ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. தீயில் இறங்கி முடித்த பிறகுதான் காப்பை அவிழ்ப்பார்கள். தீமிதி நடக்கிற அன்று அவன் பாங்காக்கில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும்.

"ஒன்னைய யாருடா இத கட்டச் சொன்னா?" என்றேன்.

"கூட்டாளிங்க கட்டுனானுங்க. நானும் கட்டிக்கிட்டேன் அமே." அமே என்பது பர்மிய மொழியில் அம்மா. அவன் பேசும் தமிழில் பாதி அப்படித்தான் இருக்கும்.

"கட்டுனா ஊரு தாண்டக் கூடாதுன்னு தெரியாதா? பிளேன் டிக்கட்டு போட்டாச்சு. வாயில கொழுக்கட்டையா, கேட்டுட்டு கட்டக் கூடாது?"

அவன் கால் கழுவப் போய்விட்டான். வருஷத்தில் ஒருநாள் கோயிலுக்குக் கூப்பிட்டாலே தலைவலி என்கிறவன், பாங்காக்கில் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விஷயம் தெரியாமல் கட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். தமிழே சரியாக வராத பிள்ளை, காப்பின் விதி எங்கே தெரியப் போகிறது.

என் கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "நூல்தானே, வெட்டிவிடு" என்று பர்மியத்தில் சொன்னார். தையல்காரி வீட்டில் கத்தரிக்கோலுக்குப் பஞ்சமா? எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். கத்தரியைப் பார்த்தார், மகன் கையைப் பார்த்தார், மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு, இது உங்கள் அம்மன் விஷயம், எனக்கு எதற்கு என்று நழுவிவிட்டார். நானும் அதை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அம்மன் காப்பை அறுத்துப் போட்டுவிட்டுப் பெற்ற பிள்ளையை ஆகாயத்தில் அனுப்புகிற தைரியம் எனக்கு இல்லை. எவளுக்கு இருக்கும்? அன்று நான் அழுத அழுகையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருப்பார்கள். ஏதாவது கேட்டால் மகன் ஊருக்குப் போகிறான் அதனால் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நேரத்திலும் யோசித்தேன்.

விடிந்ததும் அவனை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி எனக்கு அண்ணன் முறை. தீக்குழிக்கு வந்திருந்த விறகை ஆள் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் நேத்தே கேட்டேன் தங்கச்சி. டேய், நீ பிளேன்ல போறவனாச்சே, கட்டுனா போவ முடியாதேன்னு கேட்டேன். தெரியும், கட்டுங்கன்னு கைய நீட்டுனான். நீதான் வேணாமுன்னு நிறுத்திட்டியோன்னு நெனச்சேன்."

பக்கத்தில் நின்ற என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூசாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விறகுப் பக்கம் போய்விட்டார்.

கோயில் கிணற்றோரம் அவனைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் வராது. பர்மியத்தில்தான் தொடங்கினான், பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தான்.

"அஞ்சாறு நாளு ஆட்டத்துக்கு எதுக்கு அமே அத்தினி போத்தல் பாலாச்சாங்?"

பாலாச்சாங் என்றால் காய்ந்த இறாலைப் பொடித்துப் பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வறுத்து வைப்பது. மாசக்கணக்கில் கெடாது. அவனுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. அங்கே யார் செய்து கொடுப்பார்கள் என்று வறுத்து வறுத்துப் போத்தலில் அடைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். கேட்டால் அணிக்கெல்லாம் சேர்த்து என்று சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. பாங்காக்கில் இருக்கிற என் தம்பியின் மகனுக்குப் போன் போட்டிருக்கிறான். அது பச்சைப் பிள்ளை, என் அறையில் உனக்குக் கட்டில் போட்டாச்சு, ஜன்னல் பக்கம் வேண்டுமா சுவர்ப் பக்கம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறது.

"நான் திரும்பி வராட்டி சயாவ புடிச்சு உள்ள போடுவாங்க. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். ஒன்னைய புடிச்சிட்டுப் போனா எந்த சயாடா வந்து மீட்டுக் குடுப்பாரு?"

"அதுக்கப்புறம் எந்தப் பையனையும் வெளிய வுடமாட்டாங்க அமே. அந்தப் பொடியன் இருக்கானே, அவன்லாம் போவவே முடியாது. வேணாமுன்னு சொன்னா நீ வுடமாட்ட. அழுவ, கால்ல வுழுவ. நான் ஒத்துக்கிட்டுப் போயிருவேன். அதான் காப்பு கட்டிக்கிட்டேன். அம்மன் கட்டுனத நீ அவுக்கமாட்டே."

மைதானத்தில் பொடியனுக்குக் கவசம் மாட்டியதெல்லாம் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தான் போகாத அணிக்கு கேட்சர் தயார் செய்திருக்கிறான். மூன்று வருஷமாக முட்டி தேயக் குந்திய பிள்ளை, ஒரே ஒரு பெரிய ஆட்டத்தைத் தூக்கி இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கிணற்றில் தள்ளிவிட்டு நானும் குதிக்கவும் தோன்றியது. சொன்னேன். கெஞ்சினேன். அவன் சொன்ன மாதிரியே காலிலும் விழப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டான்.

அவன் போகாமலே இருந்துவிட்டால் தப்பிக்க வழியே இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. போனால், பிளேனில் ஏறி இறங்கினால், பயமில்லாமல் சாயங்காலம் தெருவில் நடக்கிற பையன்களைப் பார்த்தால், மனசு மாறாதா? மாறலாம். எப்படியாவது அவனை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பூசாரியிடம் ஓடினேன். ஏதாவது வழி சொல்லுங்கள் அண்ணே, என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்றேன்.

அவர் தாடியைத் தடவினார். பிறகு, பெற்றவள் காப்பை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு, அவனுக்குப் பதிலாகத் தீயில் இறங்குவதாக ஒப்புக்கொண்டால் அம்மன் விடுவாள் என்றார். நான் அப்போதே கையை நீட்டிவிட்டேன். மகன் நீட்டவில்லை.

"சத்தியம் பண்ணு. மாமாகிட்ட சொல்லி என்னைய அங்கயே நிறுத்தமாட்டேன்னு. கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு."

கோயிலுக்கு வரச் சொன்னால் வராத பிள்ளை, கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை நான் மீறமாட்டேன் என்பதை மட்டும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். அம்மன் முகத்தை நான் பார்க்கவில்லை. நிறுத்தமாட்டேன் என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். அதன் பிறகுதான் அவன் கையை நீட்டினான். அந்த மஞ்சள் நூல் என் கைக்கு வந்தது.

அன்றே தம்பிக்குப் போன் செய்து ஏற்பாடு வேண்டாம் என்றேன். பைத்தியமா அக்கா என்று கத்தினான். ஆமாம் என்றேன். பெட்டியிலிருந்த பாலாச்சாங் போத்தல்களை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை, மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவனும் அணியோடு பிளேன் ஏறிப் போனான். அவர்கள் ஆடிக்கொண்டிருந்த நாளில் நான் மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு தீக்குழியின் முன்னே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் வாய்விட்டு வேண்டிக்கொண்டிருந்தார்கள். வியாதி தீர வேண்டும், பெண்ணுக்கு வரன் வர வேண்டும், பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். நான் என்ன கேட்பது? என் பிள்ளை திரும்பி வரக் கூடாது என்று எந்த வாயால் கேட்பேன்? சத்தியம் செய்த கையை அதே அம்மனிடம் எப்படி நீட்டுவேன்? ஒன்றும் கேட்காமல் இறங்கினேன். கால் சுட்டதா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். சுட்டது. எனக்கு நன்றாகவே சுட்டது.

ஒரு ஆட்டத்தில் ஜெயித்தார்கள், மற்றதிலெல்லாம் தோற்றார்கள். மகன் தினமும் போன் பேசினான். ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது என்றான், சாயங்காலம் எல்லோரும் சும்மா நடந்து போனோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் மாறியது மாதிரி எனக்குத் தோன்றியது. தம்பி வந்து பார்த்துச் சாப்பிட அழைத்துப் போனான் என்றும் சொன்னான். நான் எதுவும் கேட்கவில்லை. கடைசி நாள் போன் வரவில்லை. என் கணவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். எங்கள் இருவர் மனசிலும் ஓடியது ஒன்றுதான்.

அணி வந்து இறங்குகிற அன்று நொண்டிக்கொண்டே விமான நிலையத்துக்குப் போனேன். மற்ற தாய்மார்கள் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய முகமும் பூச்செண்டுமாகத் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றார்கள். கண்ணாடிக் கதவு திறந்தது. பந்து வீசுகிற பையன் வந்தான், பொடியன் வந்தான், வரிசையாக ஒவ்வொருவனாக வந்தார்கள். ஒவ்வொரு முகமும் என் மகன் முகமாக இல்லாதபோது எனக்கு உள்ளே ஒரு உயிர் வந்தது. சயா வெளியே வந்து திரும்பி நின்று பையன்களை எண்ணினார். அப்போதும் அவன் வரவில்லை. வரமாட்டான், வரமாட்டான் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக, பேட்டும் கவசமும் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். வெயிலில் கறுத்திருந்தான். என்னைக் கண்டதும் வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

மற்றவர்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார்கள். நான் அவன் தோளிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தேன். "ஏன்டா வந்த, ஏன்டா வந்த" என்று அடித்துக்கொண்டே அழுதேன். அவன் தடுக்காமல் நின்றான்.

சயாவுக்குத் தமிழ் தெரியாது. பிள்ளையைக் கண்ட சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் வந்து, சொன்னபடி கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் பார்த்தீர்களா என்று பர்மியத்தில் சொல்லிச் சிரித்தார்.